சீனி டப்பாவைத் திரும்ப எடுத்து வையுங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

“வணக்கம் மேடம். எனக்கு 44 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு 49, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான்கு வருடமாக அவருக்குச் சுகர். மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மாமியாருக்கு 73 வயது, பிரஷர் உண்டு. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் ஏழாம் வகுப்பு. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் எல்லாமே டயட் சாமான்தான். அவருக்குச் சுகர் ஃப்ரீ பிஸ்கட் (காலையில் நாலு, சாயங்காலம் கடையில் நாலு), மல்டிகிரெய்ன் மாவு, பிரவுன் பிரெட், மசாலா ஓட்ஸ். மகனுக்குச் சிறுதானிய நூடுல்ஸ். மாமியாருக்குச் சோடியம் குறைந்த உப்பு. மகளுக்குப் புரோட்டீன் பவுடர். எனக்கு கிரீன் டீயும் தேனும். வீட்டில் சீனி டப்பாவையே எடுத்துவிட்டேன். இதற்கெல்லாம் மட்டும் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது. ஆனால் அவருடைய எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) போன வருடம் 7.6 இருந்தது, இப்போது 8.1. நான் 3 கிலோ ஏறிவிட்டேன். ‘இவ்வளவு காசைக் கொட்டியும் ஏன் இப்படி?’ என்று அவர் கேட்கிறார். ‘நாங்கள்லாம் இதைத் தின்னுட்டா வளர்ந்தோம்?’ என்று மாமியார் கேட்கிறார். நான் ஏமாந்துபோய்விட்டேனா? எதை நிறுத்த, எதை வாங்க?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சீனி டப்பாவைத் திரும்ப எடுத்து வையுங்கள்.

உங்கள் கணவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. ஒருநாள் சாப்பாடு தாமதமானாலோ, கடையில் லோடு இறக்கி அலைந்தாலோ ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வரும். நம் ஊரில் ‘லோ சுகர்’ என்கிறார்களே, அதுதான். அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் சீனியை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இறங்கியே இருந்தால் இன்னொரு முறை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு ராத்திரி பத்து மணிக்கு இப்படி ஆகிவிட்டது. மனைவி பதறிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். இருந்தது ஒரு டயட் கோலா பாட்டில். ‘இனிப்பாக இருக்கிறதே’ என்று அதையே குடிக்கக் கொடுத்திருக்கிறார். அதில் இருக்கும் இனிப்பு நாக்குக்கு மட்டும்தான், ரத்தத்துக்குப் போய்ச் சேர ஒரு துளி குளுக்கோஸ் கிடையாது. கால் மணி நேரம் வீணானது. பக்கத்து வீட்டு அம்மா சீனித் தண்ணீரோடு வந்ததால் தப்பித்தார். அந்த மனைவியும் உங்களைப் போலவே அக்கறையில்தான் வீட்டிலிருந்து சீனியை ஒழித்திருந்தார். ஆகவே வீட்டில் ஒரு டப்பா, கடை மேஜை டிராயரில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம். கடைப் பையன்களுக்கும் இது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்வி.

நீங்கள் ஏமாளி இல்லை. என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் சொன்னது. எல்லா வீட்டிலும் ஒருவருக்காவது இருக்கிறது, எல்லா வீட்டிலும் ஒருவர் பயந்துகொண்டிருக்கிறார். பயப்படுகிறவர் பெரும்பாலும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் பெண். அலமாரி முன்னால் நிற்கும்போது அவருக்கு வேண்டியிருப்பது ஒரு நிம்மதி. பச்சை நிறப் பொட்டலம், அதில் ஒரு கோதுமைக் கதிர் படம், ‘சுகர் ஃப்ரீ’ என்ற எழுத்து. எடுத்துக் கூடையில் போட்டதும் அந்த நிம்மதி கிடைத்துவிடுகிறது. விலை கூடுதலாக இருந்தால் நிம்மதியும் கூடுகிறது. ‘இவ்வளவு விலை போட்டிருக்கிறான், நல்லதாகத்தான் இருக்கும்’ என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் அதற்கு அப்புறம், பொட்டலத்தை வீட்டில் பிரித்த பிறகு வருகிறது.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடம் ‘காலையில் நாலு, சாயங்காலம் நாலு’ என்பது. சுகர் வருவதற்கு முன் அவர் எத்தனை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டீயோடு இரண்டு என்று வைத்துக்கொள்வோம், அல்லது பிஸ்கட்டே இல்லாமல் வெறும் டீயாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது எட்டு. இது ‘அவருக்கான’ பிஸ்கட் என்பதால் யாரும் எண்ணுவதில்லை. ஒரு பிஸ்கட் 8 கிராம் என்றால் எட்டு பிஸ்கட் 64 கிராம். இந்த வகை பிஸ்கட்டுகளில் 100 கிராமுக்கு 450 கலோரி வாக்கில் இருக்கும், ஆகவே கிட்டத்தட்ட 290 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 356 கலோரி. அதாவது அவர் ஒவ்வொரு நாளும் 80 கிராம் அரிசியைப் பொங்கி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல், நாலாவதாக ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதுவும் குழம்பு, காய் எதுவும் இல்லாமல்.

‘சீனியே இல்லையே, அப்புறம் எப்படிச் சர்க்கரை ஏறும்?’ என்று கேட்பீர்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி, எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும். முதலில் மைதா அல்லது கோதுமை மாவு. அடுத்தது பெரும்பாலும் பாமாயில். அப்புறம் மால்டிடால் மாதிரி சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் ஏதோ ஓர் இனிப்பூட்டியின் பெயர். மைதாவில் இருப்பது மாவுச்சத்து, வயிற்றுக்குள் போய் அது குளுக்கோஸாகத்தான் ஆகும். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2018-ல் கொண்டுவந்த விதிப்படி 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த விதி மாவைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் ஒன்றும் கேட்பதில்லை. பொட்டலத்தில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் நாம் அதை ‘சுகர் ஏறாது’ என்று படித்துக்கொள்கிறோம். அப்படி அவர்கள் எங்கேயும் எழுதவில்லை.

மால்டிடாலும் வெறும் காற்று அல்ல. சீனியில் பாதி அளவு கலோரி அதிலும் உண்டு, ரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் ஏற்றும். அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். தீபாவளிக்கு சுகர் ஃப்ரீ ஸ்வீட் ஒரு கிலோ வாங்கிச் சாப்பிட்டு மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். அந்த ஸ்வீட்டில் நெய்யும் கோவாவும் முந்திரியும் அப்படியேதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் இதே கதை முப்பது வருடத்துக்கு முன்னால் கொழுப்பை வைத்து நடந்தது. 1992-ல் நபிஸ்கோ நிறுவனம் ‘ஸ்நாக்வெல்ஸ்’ என்ற பெயரில் கொழுப்பில்லாத பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தது. கடையில் வந்ததும் தீர்ந்துபோகும் அளவுக்கு விற்பனை. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரை இருந்தது. கொழுப்பு இல்லை என்ற தைரியத்தில் மக்கள் டப்பா டப்பாவாகச் சாப்பிட்டார்கள். ‘நல்லது’ என்று எழுதியிருப்பதாலேயே அளவு மீறிச் சாப்பிடுவதற்கு ‘ஸ்நாக்வெல் விளைவு’ என்றே பெயர் வந்துவிட்டது. உங்கள் கணவர் கடை டிராயரில் நடப்பதும் அதுதான்.

ஆகவே ஒரு பொருளை எடுக்கும்போது ‘இது நல்லதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இது எதற்குப் பதிலாக?’ என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் டயட் பொருள் வீட்டிலிருந்து எதை வெளியே அனுப்புகிறது? சீனி போட்ட காபிக்குப் பதிலாக சீனி போடாத காபி என்றால் லாபம். டீக்குக் கூடுதலாக பிஸ்கட் என்றால் அது எவ்வளவு உயர்ந்த பிஸ்கட்டாக இருந்தாலும் கூடுதல்தான். உங்கள் தேனையும் இதில் வைத்துப் பாருங்கள். நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன் காலையில் வெறும் வயிற்றில் எதுவும் குடித்திருக்க மாட்டீர்கள். இப்போது கிரீன் டீயில் ஒரு டேபிள்ஸ்பூன் தேன், 60 கலோரிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வேளை குடித்தால் 120. கிரீன் டீயை மட்டும் குடியுங்கள், பிடித்திருந்தால். பிடிக்காவிட்டால் அதுவும் வேண்டாம், அது ஒன்றும் கொழுப்பைக் கரைத்துவிடாது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு இவையும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது பலருக்கு வருத்தமாகிவிடுகிறது. வெள்ளைச் சீனியை விஷம் என்று சொல்லி, நாட்டுச் சர்க்கரையை மருந்து மாதிரி விற்கும் பேச்சு நம் ஊரில் இப்போது எக்கச்சக்கம். கருப்பட்டியின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் சுகர் உள்ளவருக்குக் கருப்பட்டிக் காபியும் சீனிக் காபியும் ஒன்றுதான். மண்டபத்து விருந்துகளில் ‘சுகர் இருக்கிறவங்களுக்குத் தனியா நாட்டுச் சர்க்கரைப் பாயசம்’ என்று பரிமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது.

மல்டிகிரெய்ன் மாவு, சிறுதானிய நூடுல்ஸ் இரண்டுக்கும் ஒரே சோதனை. பொட்டலத்தின் முகப்பில் ஒரு பொருளைப் பெருமையாகச் சொன்னால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று உள்ளடக்கப் பட்டியலில் போட்டாக வேண்டும். நான் படித்துப் பார்த்த மல்டிகிரெய்ன் மாவுகளில் பெரும்பாலானவற்றில் பத்தில் ஒன்பது பங்கு கோதுமைதான். மீதியுள்ள ஒரு பங்கில் கேழ்வரகு, சோயா, ஓட்ஸ், கடலை எல்லாம் சேர்ந்து இடம் பிடித்திருக்கும். நூடுல்ஸில் முதல் பெயர் கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருந்தால் அது சிறுதானியம் தூவிய நூடுல்ஸ், அவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த வகைப் பொட்டலங்கள் அலமாரியில் பெருகிவிட்டன. நல்ல விஷயம் ஒன்று நடந்தால் அதன் நிழலில் இதுவும் வளரத்தான் செய்யும். உங்கள் மகனுக்கு வாரம் ஒருநாள் நூடுல்ஸ் ஆசையென்றால் சாதாரண நூடுல்ஸையே வாங்கி, காய்கறியும் முட்டையும் அள்ளிப் போட்டுக் கொடுங்கள். சிறுதானியம் வேண்டுமென்றால் கடையில் சாமையோ குதிரைவாலியோ முழுதாக வாங்கி உப்புமா கிளறுங்கள்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. சாமையோ வரகோ கேழ்வரகோ, கலோரிக் கணக்கில் அரிசிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 320, சாமையில் 346. நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் கால்சியம் அபாரம், அதற்காகச் சாப்பிடலாம். ‘சிறுதானியம்தானே’ என்று தட்டு நிறைய வைத்தால் எடை குறையாது.

பிரவுன் பிரெட்டை விட்டுவிடுங்கள். பல பிரெட்டுகளில் அந்த நிறம் கேரமல் போட்டு வந்தது, பட்டியலில் ஐஎன்எஸ் 150 என்று இருக்கும். மசாலா ஓட்ஸுக்குப் பதிலாகச் சாதா ஓட்ஸ் வாங்கினால் உப்பும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் பாதி விலையும் மிச்சம். மிளகு, சீரகம், காய் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சலாம்.

இனி மாமியாரின் உப்பு. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். சோடியம் குறைந்த உப்பில், எடுத்த சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்லதுதான், ரத்த அழுத்தம் குறைய உதவும். ஆனால் 73 வயதில் சிறுநீரகத்தின் வேகம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கக் கூடியவை. இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பற்றி வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறது. நீங்களோ அதை வீட்டுக் குழம்பு முழுவதற்கும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவருடைய மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அந்த உப்பு. அதுவரை சாதாரண அயோடின் உப்பையே குறைவாகப் போடுங்கள். அவருக்கு உப்பு அதிகம் போகும் வழி அநேகமாக ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இவைதான். அதில் தினமும் இருப்பது எது என்று பாருங்கள்.

மகளுடைய புரோட்டீன் பவுடர் எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. எடை ஏறவா, இறங்கவா, முடி கொட்டுகிறது என்றா? மூன்றுக்கும் இதை வாங்குகிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆரும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கும்படிதான் சொல்கிறது. அவளுக்கு 52 கிலோ எடை என்றால், கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 43 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், கால் லிட்டர் பாலில் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் சுண்டலில் 9. இதிலேயே 36 வந்துவிட்டது. இட்லியிலும் சாம்பாரிலும் சோற்றிலும் இருப்பதை நான் இன்னும் கூட்டவே இல்லை. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொஞ்சம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும், ஆனாலும் முடியும். மகன் பாலில் ஏதாவது மால்ட் பவுடர் கலந்து குடிக்கிறானா? 2024 ஏப்ரலில், அவற்றை ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிவிட்டது, ஏனென்றால் நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. வெறும் பால் போதும்.

இனிப்பு மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். 2023 ஜூலையில் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி பற்றிப் புற்றுநோய்ப் பேச்சு எழுந்தபோது எனக்கு நாள் முழுவதும் போன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு அதை ‘வாய்ப்பு இருக்கலாம்’ என்ற வகையில் சேர்த்தது. அதே வேளையில், எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்தில்லை என்று பார்க்கும் நிபுணர் குழு பழைய அளவையே, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பதையே வைத்துக்கொண்டது. 70 கிலோ உள்ளவர் அந்த அளவைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டயட் கோலா கேன் குடிக்க வேண்டும். உங்கள் கணவர் காபியில் ஒன்றிரண்டு மாத்திரை போட்டுக்கொள்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அது சீனிக்குப் ‘பதிலாக’ வருவது. எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, அது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கான அறிவுரை. குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். என் ஆசை எதுவென்றால், காபியில் இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நாக்கைப் பழக்குவது. இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

மாமியார் கேட்ட கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் வளர்ந்த காலத்தில் தண்ணீர் இறைத்தார்கள், மாவாட்டினார்கள், நடந்து போனார்கள். அந்தச் சோறு அந்த உழைப்புக்குச் சரியாக இருந்தது. அப்புறம், பொட்டலத்தில் வருவதெல்லாம் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. அயோடின் உப்பு பொட்டலத்தில்தான் வருகிறது, அதனால் எத்தனையோ பேருக்குக் கழுத்துக் கழலை வராமல் போனது. உங்களுக்கோ ஐந்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, ஊற வைத்து, வேக வைத்து, தாளிக்க நேரம் இல்லை. பொட்டலம் உங்களுக்கு நேரத்தைத் தருகிறது. இதைக் குற்றமாக நினைக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையை ஊற வைத்து, ஞாயிறு காலை குக்கரில் வேக வைத்து, மூன்று டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் புதன்கிழமை வரை ஓடும். தாளிக்க ஐந்து நிமிடம். பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் வாங்கி வைத்தால் அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம்.

எச்பிஏ1சி 8.1 ஆனதற்குப் பிஸ்கட் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையின் அளவு போதாமல் இருக்கலாம், நேரம் தவறியிருக்கலாம், நோயே நான்கு வருடத்தில் ஒரு படி ஏறியிருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். பிஸ்கட்டை நிறுத்தப் போவதை அவரிடம் சொல்லுங்கள். தினமும் 290 கலோரி திடீரென்று குறையும்போது மாத்திரையின் அளவையும் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாங்கியது நீங்கள், படித்தது நீங்கள், செலவுக்குப் பதில் சொல்வது நீங்கள், குற்ற உணர்ச்சியும் உங்களுக்கே. சாப்பிடுகிறவர் எங்கேயும் பேசவில்லை, கணக்குக் கேட்பதைத் தவிர. இன்னொருவர் உடம்புக்காக நாம் சாமான் வாங்கும்போது, அவருக்கு எப்போது பசிக்கிறது, கடையில் நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தைப் பொட்டலம் நிரப்புகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போங்கள். எட்டு பிஸ்கட்டின் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், சாயங்காலம் டீ குடிக்கும்போது பசியா, களைப்பா, வாடிக்கையாளரோடு சேர்ந்து குடிக்கும் பழக்கமா என்று கேளுங்கள். பசி என்றால் ஒரு டப்பாவில் சுண்டலோ கடலையோ கொடுத்தனுப்பலாம். பழக்கம் என்றால் சீனி போடாத டீ மட்டும் போதும். எது என்று அவர் சொல்லட்டும், அப்புறம் கூடையில் எதைப் போடுவது என்று இரண்டு பேருமாக முடிவு செய்யுங்கள்.